‘குப்புறப் படுக்க வைக்கப் போறோம், சம்மதமா?’ என்று ஐசியூவில் இருந்து போன் வந்தால்

எங்கள் பட்டறைத் தெருவில் இருக்கும் ஒரு பெண் போன மாதம் ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிட்டாள். அவளுடைய தம்பிக்கு இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் நுரையீரலில் இறங்கி, வென்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள். “அக்கா, குப்புறப் படுக்க வைக்கப் போறோம்னு கையெழுத்துக் கேக்கறாங்க. கையை விரிச்சுட்டாங்கன்னு அர்த்தமா?” என்றாள். 2021 மே மாதத்தில் இதே கேள்வி எனக்கும் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. அன்றைக்கு அவளிடம் வெகுநேரம் பேசியதை இன்னும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவரின் மனைவி. ஐசியூ வாசலில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், அப்புறம் வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததும்தான் என் கையிருப்பு.

அந்த மே மாதக் கடைசியில் தினசரி கொரோனா தொற்றில் கோயம்புத்தூர் சென்னையையே தாண்டியிருந்தது. முதல்வர் பிபிஇ உடை போட்டுக்கொண்டு இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் கொரோனா வார்டுக்குள் போன படம் எல்லாப் பேப்பரிலும் வந்ததே, அந்த வாரம் என் வீட்டுக்காரர் ஏற்கெனவே வென்டிலேட்டரில் இருந்தார். வயது நாற்பத்தேழு, சர்க்கரை உண்டு, தொப்பையும் உண்டு. காய்ச்சல் விட்டுப்போன மாதிரி இருந்த நாளில்தான் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வீட்டில் இருந்தவரைக்கும், ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் படம் போட்டு வெளியிட்ட குறிப்பை வைத்துக்கொண்டு அவரைக் குப்புறப் படுக்க வைத்தேன்: கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, நெஞ்சிலிருந்து தொடை வரைக்கும் ஒன்றிரண்டு, முழங்காலுக்குக் கீழே கால்களுக்கு இரண்டு, சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் கூடாது. 89 காட்டிய சாச்சுரேஷன் (ரத்தத்தில் இருக்கிற ஆக்சிஜன் அளவு) 93, 94 என்று ஏறும். திரும்பி மல்லாந்தால் இறங்கிவிடும். சுய நினைவோடு இப்படிப் படுப்பது படுக்கை கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க உதவும். ஆனால் ஆக்சிமீட்டரில் எண் ஏறுகிறதே என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் அன்று ஆக்சிஜன் படுக்கை இல்லை, ஒரு தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டிச் சேர்த்தோம். மாமியார் வீட்டில் தனிமைப்படுத்தலில் இருந்தார், கொழுந்தனார் திருப்பூரில் காய்ச்சலோடு படுத்திருந்தார். வாசலில் நின்றது நான் ஒருத்திதான்.

சேர்த்த சில நாட்களிலேயே மாஸ்க் போதாமல் ட்யூப் போட்டார்கள். அடுத்த நாள் சாயங்காலம் டியூட்டி டாக்டரிடம் இருந்து போன். “மேடம், ஆக்சிஜன் ஏறலை. ப்ரோன் பண்ணப் போறோம், அதாவது குப்புறப் படுக்க வைக்கப் போறோம். டிரை பண்றோம், பார்க்கலாம். கன்சென்ட்ல கையெழுத்துப் போட கீழ வாங்க.” அவ்வளவுதான் பேச்சு, வைத்துவிட்டார். வாயில் ட்யூப், கழுத்தில் ஊசி லைன், மூக்கில் சாப்பாட்டுக் குழாய் என்று கிடக்கிற மனுசனைக் குப்புறப் போடுவதா? மாமியாரிடம் சொன்னேன். “பொணத்தைக்கூட மல்லாக்கத்தானே அம்முணி கிடத்துவாங்க, உசுரோட இருக்கறவனை ஏன் கவுத்துப் போடறாங்க” என்று அழுதார். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை. அந்த டாக்டர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அவர் செய்யச் சொன்னது சரியான சிகிச்சை, அதில் குறையில்லை. ஆனால் ‘டிரை பண்றோம், பார்க்கலாம்’ என்ற சொற்களோடு அந்த ராத்திரி முழுக்க ஒருத்தியைத் தனியாக விட்டுவிடலாமா?

மறுநாள் வாசலில் நின்றிருந்தபோது, மயக்க மருந்துப் பிரிவில் இருக்கும் இளம் டாக்டர் ஒருவர், டியூட்டி முடிந்து டீக்கடைக்குப் போகிற வழியில் நின்று மருந்துச் சீட்டின் பின்புறம் படம் போட்டுக் காட்டினார். புண்ணியவான், பத்து நிமிஷம்தான் பேசியிருப்பார். நம் நுரையீரலின் பெரும்பங்கு முதுகுப் பக்கம்தான் இருக்கிறதாம். மல்லாந்து படுத்திருக்கும்போது இதயமும் வயிற்று உறுப்புகளும் அந்தப் பின்பகுதியை அழுத்துகின்றன. நல்ல நுரையீரலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வைரஸ் தாக்கி நீர் கோத்த நுரையீரலோ தண்ணீரில் ஊறிய ஸ்பாஞ்ச் மாதிரி, தன் கனத்திலேயே அடிப்பக்கம் அமுங்கிக் காற்றறைகள் மூடிக்கொள்கின்றன. ஆனால் ரத்தம் பெரும்பாலும் அந்தப் பின்பகுதிக்குத்தான் போகிறது. காற்று ஒரு பக்கம், ரத்தம் ஒரு பக்கம் என்றால் ஆக்சிஜன் எப்படி ஏறும்? குப்புறப் படுக்க வைத்தால் முதுகுப் பக்கம் மேலே வந்து மூடிய அறைகள் திறக்கின்றன, இதயத்தின் பாரம் நெஞ்செலும்புப் பக்கம் போய்விடுகிறது, ரத்தமும் ஓரளவுக்கு அதே முதுகுப் பக்கமே தொடர்ந்து போவதால் காற்றும் ரத்தமும் சந்திக்கின்றன. இன்னொன்றும் சொன்னார்: வென்டிலேட்டர் தள்ளும் காற்று எஞ்சியிருக்கிற கொஞ்ச இடத்தில் மட்டும் போய் அதையும் கிழித்துவிடாமல், எல்லா இடத்துக்கும் பரவலாகப் போகும். ஆக்சிமீட்டர் எண்ணை ஏற்றுவதைவிட இதுதான் உயிர் காக்கிற விஷயம் என்றார்.

“எவ்வளவு நேரம் வைப்பீங்க சார்?” என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார். எவ்வளவு நல்ல கேள்வி என்பது பின்னால் படித்தபோதுதான் புரிந்தது. இது கொரோனாவுக்காகக் கண்டுபிடித்த வித்தை இல்லை, 1970களிலிருந்தே டாக்டர்களுக்குத் தெரியும். 2001இல் இத்தாலியில் காட்டினோனி என்ற பேராசிரியரின் குழு நாளைக்கு ஆறேழு மணி நேரம் குப்புற வைத்துப் பார்த்தது. ஆக்சிஜன் ஏறியது, ஆனால் உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. 2013இல் பிரான்சின் குவெரான் குழு, நிலை மோசமாக இருந்த 466 பேரை எடுத்துக்கொண்டது. அதில் பாதிப் பேரை ஒவ்வொரு தடவையும் குறைந்தது 16 மணி நேரம் குப்புற வைத்தார்கள். 28 நாள் முடிவில் மல்லாந்தே இருந்தவர்களில் 32.8 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், குப்புற வைத்தவர்களில் 16 சதவீதம். ஏறக்குறையப் பாதி. அதனால் “ப்ரோன் பண்றோம்” என்று சொன்னால் “எத்தனை மணி நேரம்?” என்று அவசியம் கேளுங்கள். ரெண்டு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிவிடுவோம் என்று பதில் வந்தால், ஏன் என்று மரியாதையாகக் கேட்கலாம். ரத்த அழுத்தம் நிற்கவில்லை என்பது போன்ற காரணம் இருக்கலாம், ஆள் போதவில்லை என்பதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

அந்த இளம் டாக்டர் கற்றுக்கொடுத்த இன்னொரு விஷயம் ஒரு எண். தினமும் டாக்டர் போனில் “கிரிட்டிக்கல், பட் ஸ்டேபிள்” என்பார், அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? அதற்குப் பதிலாக “இன்னைக்கு பி.எஃப். ரேஷியோ எவ்வளவு சார்?” என்று கேளுங்கள். தமனி ரத்தத்தில் இருக்கிற ஆக்சிஜன் அழுத்தத்தை, மெஷின் கொடுக்கிற ஆக்சிஜன் பங்கால் வகுத்தால் வருவது. நமக்கெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது 400க்கு மேல் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு மெஷின் 80 சதவீதம் கொடுத்தும் ரத்தத்தில் 64தான், 64ஐ 0.8ஆல் வகுத்தால் 80. நூற்றுக்குக் கீழே என்றால் கடுமை. 150க்குக் கீழே போய், 60 சதவீதமோ அதற்கு மேலோ ஆக்சிஜன் தேவைப்பட்டால் குப்புற வைப்பதைப் பற்றி யோசிப்பார்கள். திரும்ப மல்லாக்கப் படுக்க வைத்து நாலு மணி நேரம் கழித்தும், 60 சதவீதம் அல்லது அதற்கும் குறைவான ஆக்சிஜனிலேயே இந்த எண் 150க்கு மேல் நின்றால், இனிக் குப்புற வைக்க வேண்டாம் என்று நிறுத்துவார்கள். அந்தப் பிரெஞ்சுக் குழுவின் கணக்கு இதுதான், பல இடங்களில் இதை ஒட்டித்தான் செய்கிறார்கள். நான் பழைய காலண்டர் தாளின் பின்னால் தேதி, எண், குப்புறவா மல்லாக்கவா என்று மூன்று கட்டம் போட்டு எழுதி வந்தேன். குப்புற இருக்கும்போது எண் ஏறும், மல்லாக்கத் திருப்பினால் சறுக்கும். முதல் தடவை சறுக்கியபோது எல்லாம் போச்சு என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே தடவையில் சரியாகிற சங்கதி இல்லை இது. அந்த ஆய்விலேயே ஒருவருக்குச் சராசரியாக நாலு தடவை செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு சறுக்கலுக்கும் உயிரை விடாமல், மல்லாக்க வைத்தபோது வரும் எண் முந்தின நாளைவிட எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

எப்படித் திருப்புகிறார்கள் என்பதை, என் வீட்டுக்காரர் தேறிய பிறகு ஒரு ஸ்டாஃப் நர்ஸ் தங்கச்சி சொன்னாள். மாலை நாலு மணிக்கு ஆரம்பிப்பார்களாம். தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர், ட்யூபை விட்டுக் கையை எடுக்கவே மாட்டார், எண்ணிக்கை சொல்வதும் அவர்தான். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர். நோயாளிக்குக் கீழே ஒரு பெட்ஷீட், மேலே தலையணைகள் வைத்து அதன்மேல் இன்னொரு பெட்ஷீட், இரண்டின் ஓரங்களையும் சேர்த்து இறுக்கிச் சுருட்டிப் பிடித்துக்கொள்வார்கள். முதலில் ஒரு பக்கமாக நகர்த்தி, அப்புறம் ஒருக்களித்து, அப்புறம் கவிழ்ப்பார்கள். நெஞ்சில் இருந்த ஈசிஜி ஒட்டுகளை முதுகுக்கு மாற்றுவார்கள். கண்ணில் மருந்து தடவி மூடி பிளாஸ்திரி ஒட்டுவார்கள். நீந்துகிற மாதிரி ஒரு கை மேலே, ஒரு கை கீழே, முகம் மேலே இருக்கிற கைப்பக்கம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை முகத்தையும் கையையும் மாற்ற வேண்டும், நடுராத்திரியானாலும். பிபிஇக்குள் வேர்வை காலணிக்குள் வழிய, என் வீட்டுக்காரரின் எண்பத்தெட்டுக் கிலோவை அந்தப் பிள்ளைகள் அப்படித் திருப்பியிருக்கிறார்கள். ட்யூப் ஒரு நொடி நழுவினாலும் விபரீதம். அதனால்தான் ஆள் எண்ணிக்கை முக்கியம்.

இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். அந்த மாதம் நாங்கள் எல்லோரும் எதன் பின்னால் ஓடினோம்? ரெம்டெசிவிர். ஆஸ்பத்திரியே சீட்டு எழுதிக் கொடுத்து வாங்கி வரச் சொன்னது. கள்ள விலையில் எனக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போனது. முந்தின வருஷம் நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம், மருத்துவமனையில் இருக்கும் கொரோனா நோயாளிகளுக்கு அந்த ஊசியைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லியிருந்தது. கொரோனா வந்து குணமானவர்களில் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) தருவார் யாராவது உண்டா என்று குரூப் குரூப்பாகக் கெஞ்சினேன். அதே மே 17ஆம் தேதி சிகிச்சை நெறிமுறையில் இருந்து பிளாஸ்மாவை எடுத்துவிட்டார்கள். குப்புறப் படுக்க வைத்ததற்கு ஊசியும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். கடைசியில் வந்த நீளமான பில்லில் கையுறை, டயப்பர், பிபிஇ எல்லாம் வரிவரியாக இருந்தன, அதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. அது கேட்பது ஆட்களின் கைகளை. எனவே ஐசியூ தேடும்போது “அந்த மருந்து இருக்கா, இந்த மெஷின் இருக்கா” என்பதற்கு முன்னால், “ராத்திரி ஷிஃப்ட்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை வென்டிலேட்டர் பேஷன்ட்? ப்ரோனிங் இங்க வழக்கமா செய்யறீங்களா? ராத்திரி மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருப்பாரா?” என்று கேளுங்கள். கட்டடத்தின் பளபளப்பைவிட இந்த மூன்று பதில்கள் அதிகம் சொல்லும்.

ஒரு ராத்திரி அந்த நர்ஸ் தங்கச்சி போன் செய்தாள். “அக்கா, சாருக்கு அரைஞாண் கயிறு இருக்கு, வெள்ளித் தாயத்து கோத்திருக்கு. குப்புறப் போட்டா வயித்துல அழுந்திப் புண்ணாயிரும். வெட்டிரலாங்களா?” அரைஞாணை எப்போது அறுப்பார்கள் என்று நம் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்புறம், கேட்காமலே வெட்டியிருக்கலாம், போன் போட்டுக் கேட்கிறாளே என்று தோன்றியது. வெட்டச் சொன்னேன். மாமியாரிடம் அவர் வீடு திரும்பும்வரை சொல்லவே இல்லை. வீட்டில் யாருக்காவது வென்டிலேட்டர் என்றால் மோதிரம், தாயத்து, அரைஞாண், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் முன்கூட்டியே நீங்களாகக் கழற்றி வாங்கிவிடுங்கள். இப்படி ஒரு போன் தேவைப்படாது.

வீடியோ காலுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பதினாறு மணி நேரத்துக்கு மேல் குப்புறக் கிடந்த முகம் ஊதிப்போய், உதடு தடித்து, கண் இமை பிதுங்கி, நாக்கு வெளியே தெரிய இருக்கும். என் வீட்டுக்காரரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வேறு யாரையோ காட்டுகிறார்கள் என்று சண்டைக்குப் போய்விட்டேன். கை மேல் இருந்த பச்சையைக் காட்டிய பிறகுதான் அடங்கினேன். மல்லாந்து இருக்க ஆரம்பித்து ஒன்றிரண்டு நாளில் அந்த வீக்கம் வடிந்துவிட்டது. கூப்பிட்டால் அசையவில்லையே என்றும் பதறாதீர்கள், தூங்க வைக்கவும் தசைகளைத் தளர்த்தவும் மருந்து ஓடிக்கொண்டிருக்கும். பட்டினி போட்டிருக்கிறார்களோ என்று ஒரு சந்தேகம் வரும். தலைப்பக்கம் கட்டிலைச் சற்று உயர்த்தி வைத்து, மூக்குக் குழாய் வழியே மெதுவாக உணவு போய்க்கொண்டுதான் இருக்கும். நாம் கேட்க வேண்டியது கன்னம், தாடை, நெற்றி, முட்டி இங்கெல்லாம் புண் வருகிறதா, கண்ணைப் பார்த்தீர்களா என்பதுதான். தினமும் ஒருத்தி கேட்கிறாள் என்று தெரிந்தால் தினமும் பார்ப்பார்கள். அப்படியும் என் வீட்டுக்காரருக்குத் தாடையில் புண் வந்தது. தழும்பு இன்றைக்கும் இருக்கிறது, தாடி வளர்த்து மறைத்துக்கொண்டிருக்கிறார்.

இது எல்லாருக்கும் வேலை செய்யும் என்று நான் சொன்னால் பொய். பக்கத்துப் படுக்கைக்காரர், பொள்ளாச்சிப் பக்கம், தேங்காய் வியாபாரி, என் வீட்டுக்காரரைவிட இளையவர். அவரையும் அதே ஆட்கள் அதே மாதிரி குப்புற வைத்தார்கள். எண் ஏறவே இல்லை. அவர் மனைவியும் நானும் ஒரே ஃபிளாஸ்கில் டீ குடித்தவர்கள். அந்தப் பிரெஞ்சுக் கணக்கில் பிழைக்காத 16 சதவீதமும் ஆட்கள்தானே. சிலருக்குச் செய்யவே முடியாது என்றும் சொல்வார்கள்: முதுகெலும்பு உடைந்து நிலையில்லாமல் இருந்தால், மூளைக்குள் அழுத்தம் கூடியிருந்தால், வயிற்றில் திறந்த காயம் இருந்தால். அப்போது “ஏன் எங்களுக்கு மட்டும் செய்யலை” என்று மல்லுக்கு நிற்பதில் பலன் இல்லை.

என் வீட்டுக்காரரை மயக்கத்தில் இருந்து மெல்ல விடுவித்தபோது ஆள் தெரியவில்லை, லேத் பெல்ட் அறுந்துவிட்டது என்று கத்தினாராம். ஐசியூ குழப்பம் என்று இதற்குப் பெயர், பலருக்கு வரும். கண்ணாடியையும் அவர் பட்டறையில் கேட்கும் சின்ன ரேடியோவையும் உள்ளே அனுப்பினேன், தேதியும் ஊரும் சொல்லிச் சொல்லிப் பேச வைத்தேன். அது சில நாளில் தெளிந்தது. பணம் தெளியவில்லை. மொத்தம் பதினாலு லட்சத்தை ஒட்டி வந்தது. இன்சூரன்ஸ் ஐந்து லட்சத்துக்குத்தான், அதிலும் பிபிஇ, கையுறை வகையறாவைக் கழித்துவிட்டார்கள். என் நகை அடகுக்குப் போனது, பட்டறையில் இரண்டாவது லேத் விற்றுப்போனது. தனியார் மருத்துவமனைகளுக்கு அரசு அப்போது கட்டண உச்சவரம்பு அறிவித்திருந்தது. அந்த அரசாணை நகலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பில்லிங் கவுண்டரில் போய் நின்றேன், சத்தம் போடவில்லை, நகரவும் இல்லை. ஒரு பகுதி குறைந்தது. இறுதி பில்லுக்குக் காத்திருக்காமல் மூன்று நாளுக்கு ஒரு தடவை இடைக்கால பில்லை விவரத்தோடு வாங்கிவிடுங்கள். போடாத ஊசிகள் அப்போது கண்ணில் பட்டால் உடனே கேட்கலாம், மாசக் கடைசியில் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

கடைசியாக ஒன்று. வீட்டுக்கு வந்த பிறகு வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. பலவீனம்தான், போகப்போகச் சரியாகும் என்று எல்லாரும் சொன்னார்கள். லேத் பிடிக்கிறவருக்கு வலது கை இல்லாமல் என்ன இருக்கிறது? பிசியோதெரபிஸ்ட்தான், குப்புற இருந்தபோது கை மேலே தூக்கியே இருந்ததில் தோள் நரம்புக் கொத்து இழுபட்டிருக்கலாம் என்று நரம்புப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதுவேதான். மாதக்கணக்கில் பயிற்சி செய்து முக்கால்வாசி திரும்பியது. டிஸ்சார்ஜ் தாளில் எத்தனை தடவை, எத்தனை மணி நேரம் குப்புற வைத்தார்கள் என்ற விவரமே இல்லை, அதனால் காரணம் கண்டுபிடிக்கத்தான் வீணாக நாள் போனது. உங்கள் ஆள் வெளியே வரும்போது அந்த விவரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். ஐசியூவில் இருக்கும்போதே இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லிப் பாருங்கள். ஒன்று மட்டும் பின்தங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.